டவர் இருக்கிறது, 4ஜி எங்கே? பிஎஸ்என்எல் 4ஜிக்குக் காத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் துறையூர்ப் பக்கம், பச்சைமலை அடிவாரம். சில வருஷம் ரீசார்ஜ் கடை வைத்திருந்தேன். கடையை மூடிவிட்டேன், ஆனால் போனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்பதும் அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். எழுதி வைத்துவிட்டால் எனக்குத் தொண்டைத் தண்ணீராவது மிச்சம்.

ஊரில் டவர் இருக்கிறது, சிக்னல் கோடு முழுசாகக் காட்டுகிறது. 4ஜி மட்டும் ஏன் வரவில்லை?

அந்தக் கோடுகள் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதைத்தான் சொல்லும். வருவது 2ஜியா 4ஜியா என்பது வேறு விஷயம். 2ஜி சிக்னல் நான்கு கோடும் நிறையக் காட்டும். பேச அருமையாக இருக்கும், வாட்ஸ்அப்பில் ஒரு படம் இறங்குவதற்குள் காபி ஆறிவிடும்.

டவர் என்பது வெறும் இரும்புக் கம்பம். வேலை செய்வதெல்லாம் அதில் கட்டியிருக்கும் சாமான்கள்தான். உச்சியில் நீளவாக்கில் ஆன்டெனா, அதற்குப் பக்கத்திலேயே ரேடியோ பெட்டி, கீழே அலமாரி மாதிரி ஒரு இரும்புப் பெட்டிக்குள் கணினி வேலை செய்யும் கருவி, அதற்குப் பவர் பிளான்ட், பேட்டரி. இவற்றோடு டவரை வெளியுலகத்தோடு சேர்க்கும் இணைப்பு ஒன்று இருக்க வேண்டும். 4ஜி வர இதில் பெரும்பாலானவற்றை மாற்ற வேண்டும்.

இதில் யாரும் கண்டுகொள்ளாதது அந்தக் கடைசி இணைப்புதான். 2ஜி டவருக்கு இரண்டு எம்பிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு டேட்டா போகும் என்ற வேகக் கணக்கு) லைன் ஒன்றிரண்டு இருந்தால் போதும், ஊரே பேசலாம். 4ஜிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஃபைபர் வர வேண்டும், அல்லது டவருக்கு டவர் கம்பியில்லாமல் டேட்டா அனுப்பும், பெரிய கொள்ளளவுள்ள மைக்ரோவேவ் வேண்டும். டவரில் மத்தளம் மாதிரி வட்டமாகத் தொங்குகிறதே, அதுதான் மைக்ரோவேவ். சாலை ஓரம் பள்ளம் தோண்ட நெடுஞ்சாலைத் துறை, ஊராட்சி, சில இடங்களில் வனத்துறை என்று அனுமதி வாங்கியாக வேண்டும். உச்சியில் புதுப்பெட்டி மாட்டியாகிவிட்டது, ஆனால் கீழே ஃபைபர் வரவில்லை என்ற நிலையில் ஒரு டவர் மாதக்கணக்கில் நிற்க இதுவே போதும்.

மற்ற கம்பெனிகள் 5ஜியே கொடுத்துவிட்டார்கள். பிஎஸ்என்எல்லுக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?

கதை கொஞ்சம் நீளம். இந்தியாவில் 4ஜியை முதலில் கொண்டுவந்தது ஏர்டெல், 2012 ஏப்ரலில், கொல்கத்தாவில். 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் 4ஜி என்பது ஊர் ஊராகப் போய்விட்டது. அந்தச் சமயத்தில் நாடு முழுக்க 4ஜி கொடுக்கத் தேவையான அலைக்கற்றை பிஎஸ்என்எல் கையில் இல்லை. 2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை மீட்புத் திட்டம் ஒன்றை அறிவித்தபோதுதான் அதற்கு வழி பிறந்தது. அதே திட்டத்தில் விருப்ப ஓய்வும் இருந்தது. 2020 ஜனவரி 31 அன்று ஏறத்தாழ 78,000 ஊழியர்கள் ஒரே நாளில் வெளியே போனார்கள். எந்தக் கேபிள் எந்தப் பள்ளத்தில் போகிறது என்று தலையில் வைத்திருந்த ஆட்கள் அவர்களில் எத்தனையோ பேர். அந்த இழப்பை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது என்பது என் எண்ணம்.

2020இல் 4ஜி கருவிகளுக்கு டெண்டர் கோரினார்கள், அந்த வருஷமே ரத்து செய்தார்கள். வெளிநாட்டுக் கருவி வேண்டாம், உள்நாட்டிலேயே செய்வோம் என்பது அடுத்த முடிவு. மற்ற கம்பெனிகள் நோக்கியா, எரிக்சன், சாம்சங் என்று தயாராக இருந்ததை வாங்கி மாட்டினார்கள். இங்கே கருவியையே உருவாக்கி, சோதித்து, பிறகு மாட்ட வேண்டியிருந்தது. மையக் கருவியை அரசின் சி-டாட் நிறுவனமும் ரேடியோ கருவிகளைத் தேஜஸ் நெட்வொர்க்ஸும் செய்ய, எல்லாவற்றையும் கோத்துக் கொடுக்கும் பொறுப்பு டிசிஎஸ்ஸுக்கு. 2023 மே மாதம் ஒரு லட்சம் இடங்களுக்கான ஆர்டர் கொடுக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் இந்த 4ஜியை முறைப்படி தொடங்கிவைத்தார். 97,500க்கும் மேற்பட்ட டவர்கள், சுமார் 37,000 கோடி ரூபாய் என்பது அன்று அரசு சொன்ன கணக்கு.

சொந்தமாகச் செய்தது சரியா தவறா என்று டீக்கடையில் இன்னும் சண்டை போகிறது. என்னைக் கேட்டால் முடிவு சரி, ஆனால் அதை 2014, 2015 வாக்கிலேயே எடுத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் எல்லாம் கிளம்பிப் போன பிறகு பந்தியில் இலை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் டவரில் 4ஜி வேலை நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் வழி, அண்ணாந்து பார்ப்பது. சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊர் டவரில் ஒரு நாள் காலையில் இரண்டு பையன்கள் இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டு ஏறினார்கள். கீழே ஒருவர் கப்பியில் கயிறு போட்டு, சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை மேலே இழுத்தார். பெட்டி காற்றில் சுற்றாமல் இருக்க இன்னொருவர் இரண்டாவது கயிற்றைத் தூரத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார். இப்படி மூன்று பெட்டிகள், திசைக்கு ஒன்று. மதியம் சாப்பிட இறங்கியபோது, "அண்ணே, 4ஜியா?" என்று கேட்டேன். "ஆர்ஆர்ஹெச் மாட்டியாச்சுண்ணே. மீடியா வந்தா ஆன் பண்ணிருவாங்க" என்றான் ஒரு பையன். ஆர்ஆர்ஹெச் என்பது அந்த ரேடியோ பெட்டி. மீடியா என்று அவர்கள் சொல்வது நான் மேலே சொன்ன ஃபைபர் இணைப்பை. உங்கள் ஊரிலும் டவரில் ஆள் ஏறினால் இந்த இரண்டு வார்த்தையை வைத்தே கேளுங்கள். சரியான பதில் கிடைக்கும்.

இரண்டாவது வழி, கவரேஜ் வரைபடம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி எல்லாக் கம்பெனிகளும் தங்கள் இணையதளத்தில் இதைப் போட்டாக வேண்டும். வரைபடத்தில் நிறம் இருந்தால் வீட்டுக்குள் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. வெளியே நின்றால் கிடைக்கலாம், அவ்வளவுதான். தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்திலும் உங்களைச் சுற்றி எங்கெங்கே டவர் இருக்கிறது என்று பார்க்கலாம்.

மூன்றாவது வழி, பக்கத்து ஊர். அங்கே வந்துவிட்டதென்றால் உங்கள் வரிசையும் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஃபைபர் ஊர் ஊராகத்தான் நீண்டு வரும்.

சிம்மை மாற்ற வேண்டுமா?

பழைய 2ஜி, 3ஜி சிம் என்றால் மாற்றியே ஆக வேண்டும். அந்த சிம்மில் 4ஜி டவருக்கு நேர் கீழே நின்றாலும் வராது. ஆதாரோடு பிஎஸ்என்எல் வாடிக்கையாளர் சேவை மையத்துக்கோ அவர்கள் அங்கீகரித்த கடைக்கோ போனால் அதே எண்ணில் புது சிம் தருவார்கள். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் போக வேண்டும். இதில்தான் பல வீடுகளில் சிக்கல் வரும். எண் தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா இருக்க மாட்டார்.

இன்னொன்று, சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. வங்கி ஓடிபி தேவைப்படும் நாளில் போய் மாற்றிவிட்டு அப்புறம் என்னிடம் வந்து நிற்காதீர்கள்.

என்னிடம் 5ஜி போனே இருக்கிறது. அதிலும் ஏன் 4ஜி வரவில்லை?

இது நானே பட்ட கதை. கையில் இருந்த பழைய போனைக் கொடுத்துவிட்டு, விலை குறைவு என்று ஒரு 5ஜி போன் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். டவரில் 4ஜி வந்த நாளில் மச்சானின் பழைய போனில் 4ஜி காட்டுகிறது, என் புதுப் போனில் 2ஜி. சிம்மை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சிம்மில் ஒன்றும் இல்லை, குறை போனில்தான்.

விஷயம் இதுதான். பிஎஸ்என்எல் 4ஜி பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. ஒன்று 2100 மெகாஹெர்ட்ஸ், அதைப் பேண்ட் 1 என்பார்கள். ஏறத்தாழ எல்லாப் போனிலும் இருக்கும். இன்னொன்று 700 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 28. இது ரொம்பத் தூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும், கிராமத்துக்கு ஏற்றது. ஆனால் விலை குறைவான பல போன்களில் 4ஜிக்குப் பேண்ட் 28 கிடையாது. மற்ற கம்பெனிகள் இங்கே 4ஜிக்கு அதைப் பயன்படுத்தவில்லை, அதனால் சில தயாரிப்பாளர்கள் விட்டுவிட்டார்கள்.

நான் ஏமாந்த இடம் இன்னும் நுணுக்கமானது. பெட்டியில் '28' என்று இருந்தது. ஆனால் அது 5ஜி வரிசையில் இருந்த 28. ஜியோவின் 5ஜி அதே 700இல் வருவதால் 5ஜி போன்களில் அது இருக்கும். 4ஜிக்கான வரிசையில் 28 தனியாக இருக்க வேண்டும். போன் வாங்கும்போது எல்டிஇ பேண்ட் (எல்டிஇ என்றால் 4ஜிதான்) என்ற வரியில் 1, 28 இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கடைக்காரர், "எல்லாமே சப்போர்ட் பண்ணும் சார்" என்றால் அதை நம்ப வேண்டாம். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதையே சொன்னவன்தான்.

4ஜி வந்துவிட்டது, ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2100இல் 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 4ஜி ஓடினால், டவரின் ஒரு திசைக்கு உச்சபட்சமாகச் சுமார் 37 எம்பிபிஎஸ் கிடைக்கும். 700இல் பிஎஸ்என்எல்லுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. அதில் ஏறத்தாழ இரட்டிப்பு, 75 வரை. இதெல்லாம் டவருக்குப் பக்கத்தில், இடைஞ்சல் எதுவும் இல்லாதபோது கிடைக்கும் உச்சம். அந்தத் திசையில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே அண்டா. எட்டு மணிக்கு நாற்பது பேர் வீடியோ பார்த்தால், முதல் கணக்கின்படி ஆளுக்கு ஒரு எம்பிபிஎஸ்கூடத் தேறாது. தூரத்து வீட்டுக்காரருக்கு இன்னும் மோசம், ஏனென்றால் சிக்னல் மெலிந்த இடத்துக்கு அதே அளவு டேட்டாவைக் கொடுக்க டவருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். காலை ஐந்து மணிக்கு எழுந்து வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். அப்போது பறந்தால், கூட்டம்தான் காரணம். அப்போதும் ஊர்ந்தால், ஃபைபரிலோ மைக்ரோவேவிலோ கோளாறு என்று சந்தேகப்படலாம். புகார் கொடுக்கும்போது இந்த இரண்டு சோதனையையும் நேரத்தோடு எழுதிக் கொடுத்தால், எடுத்துப் பார்க்கிற இன்ஜினியருக்குப் பாதி வேலை மிச்சம்.

போன் பேசும்போது நெட் நின்றுவிடுகிறதே?

வோஎல்டிஇ, அதாவது 4ஜியிலேயே பேச வைக்கும் வசதி, இயங்கவில்லை என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் அழைப்பு வந்ததும் போன் 4ஜியை விட்டு இறங்கி, 2ஜியிலோ 3ஜியிலோ பேசிவிட்டு, முடிந்ததும் மேலே ஏறும். போன் அமைப்பில் வோஎல்டிஇ பொத்தானை ஆன் செய்யுங்கள். அப்படியும் வராவிட்டால் உங்கள் எண்ணில் அந்தச் சேவையைத் திறந்துவிடச் சொல்லி வாடிக்கையாளர் சேவை மையத்தில் கேளுங்கள். சில போன்களில் தயாரிப்பாளர் அப்டேட் கொடுத்தால்தான் அந்தப் பொத்தானே தெரியும்.

4ஜி வந்ததிலிருந்து அப்பாவின் பழைய 3ஜி போனில் நெட்டே வரவில்லை.

3ஜி ஓடிக்கொண்டிருந்த அதே 2100 அலைவரிசையில்தான் பல இடங்களில் 4ஜியை ஏற்றுகிறார்கள். ஒரு 3ஜி அலைக்கு 5 மெகாஹெர்ட்ஸ் முழுசாக வேண்டும். அந்த இடத்தில் 4ஜி வந்து உட்கார்ந்தால் 3ஜி எழுந்துவிட வேண்டியதுதான். அப்பா போனில் பேசுவதற்கு 2ஜி இருக்கும். நெட் வேண்டுமென்றால் போனை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கரண்ட் போனால் சிக்னலும் போய்விடுகிறது.

பேட்டரி கிழடாகிவிட்டது அல்லது ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. 4ஜி கருவி சேர்ந்தால் மின்சாரச் செலவு கூடும், பழைய பேட்டரி இன்னும் சீக்கிரம் கைவிரிக்கும். கரண்ட் போன நேரம், சிக்னல் போன நேரம் இரண்டையும் நான்கைந்து தடவை குறித்து வைத்துப் புகார் கொடுங்கள்.

எங்கள் மலைக்கிராமத்தில் டவரே கிடையாது. எங்களுக்கு ஏதாவது திட்டம் உண்டா?

உண்டு. 4ஜி சாச்சுரேஷன் என்ற பெயரில் 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. நாடு முழுக்க 4ஜி இல்லாத 24,680 கிராமங்களுக்குக் கொடுப்பது நோக்கம். செய்வது பிஎஸ்என்எல். உங்கள் குக்கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கேட்கலாம். தனியாள் போவதைவிட கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பினால் கனம் அதிகம்.

பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன் மாதிரி இடங்களில் ஒரு டவரால் எல்லா ஊருக்கும் கொடுக்க முடியாது. அலை மலையைச் சுற்றி வளைந்து வராது. மேட்டில் இருக்கிற ஊருக்குக் கிடைக்கும், அடுத்த பள்ளத்தில் இருக்கிற ஊருக்குக் கிடைக்காது. ஆகவே பக்கத்து ஊரில் டவர் வந்தாலும் உங்கள் மனுவை வாபஸ் வாங்காதீர்கள்.

டவர் வந்தால் கதிர்வீச்சு என்று எங்கள் தெருவில் எதிர்க்கிறார்களே?

டவர் கதிர்வீச்சுக்கு இந்தியா 2012 செப்டம்பரில் வைத்த வரம்பு, சர்வதேச அமைப்பான ஐசிஎன்ஐஆர்பி சொல்லும் வரம்பில் பத்தில் ஒரு பங்கு. சந்தேகமிருந்தால் தரங் சஞ்சார் தளத்தில் கட்டணம் கட்டி உங்கள் இடத்தில் அளக்கச் சொல்லலாம். நெட் வேண்டும், டவர் மட்டும் அடுத்த தெருவில் இருக்கட்டும் என்றால், அடுத்த தெருக்காரரும் அதையே சொல்கிறார்.

அதுவரை வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமா?

பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, உங்களுக்கு நெட்டை நம்பிய தொழில் என்றால் தயங்காமல் மாறுங்கள். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். அதோடு ஆதாரை எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனிக் கடைக்குப் போனால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். ஆனால் மாறிய பிறகு 90 நாள் அங்கே இருந்தாக வேண்டும். அடுத்த வாரமே இங்கே 4ஜி வந்துவிட்டால் உடனே திரும்ப முடியாது.

நான் சொல்வது இரண்டு சிம். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றியபோது, ஜியோவில் 239 ரூபாயாக இருந்த 28 நாள் பிளான் 299 ஆனது. அப்போது ஊரில் பாதிப் பேர் பிஎஸ்என்எல்லுக்கு வந்தார்கள், நெட் மெதுவாக இருக்கிறது என்று அதில் பலர் திரும்பப் போனார்கள். ஆதார், வங்கி, கேஸ் எல்லாம் இணைத்திருக்கும் பழைய எண்ணைக் குறைந்த ரீசார்ஜில் உயிரோடு வைத்துக்கொண்டு, நெட்டுக்கு மட்டும் இன்னொரு சிம் போட்டவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. பழைய எண்ணைச் சும்மா போட்டுவிடாதீர்கள், 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் எண்ணை எடுத்துவிடலாம்.

யாரிடம் புகார் சொல்வது?

முதலில் 1800-180-1503. புகார் எண்ணை வாங்கிக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள். தீராவிட்டால் அந்த எண்ணைக் காட்டி மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸ். டிராய்க்குக் கடிதம் போடுகிறவர்கள் நிறைய, ஆனால் டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. "எங்கள் ஊரில் 4ஜி இல்லை" என்று ஒரு வரியில் எழுதினால் "பணி நடைபெற்று வருகிறது" என்று ஒரு வரியில் பதில் வரும். ஊராட்சி, டவர் இருக்கும் இடம், ஆர்ஆர்ஹெச் மாட்டியாகிவிட்டதா, மீடியா வந்ததா என்று எழுதிக் கேளுங்கள்.

இன்று 4ஜி ஆன் செய்துவிட்டதாகச் சொல்கிறார்கள். என் போனில் இன்னும் பழையபடியே காட்டுகிறது.

போனை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். நெட்வொர்க் அமைப்பில் 3ஜி மட்டும், 2ஜி மட்டும் என்று எப்போதோ மாற்றி வைத்திருப்பீர்கள், அதை 4ஜிக்கு மாற்றுங்கள். அப்படியும் வராவிட்டால் சிம்மைக் கழற்றி, பிஎஸ்என்எல் 4ஜி காட்டுகிற இன்னொரு போனில் போட்டுப் பாருங்கள். அதில் வந்தால் குறை உங்கள் போனில், பேண்ட் 28 இல்லாமல் இருக்கலாம். அதிலும் வராவிட்டால் சிம் பழசாக இருக்கலாம்.